தூண்டில் முனையில்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரிகளும் கண்மாய்களும் கலங்கல் தெளிந்து நிற்கும் தை, மாசி மாதங்களில்தான் நன்னீர்த் தூண்டில் பற்றிய கடிதங்கள் மிகுதியாக வருகின்றன. இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை எந்த மீனுக்கு எந்த இரை என்பதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பலர் ஒன்றுபோலக் கேட்டிருந்தவற்றை ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் மூன்று வாரங்களாக மைதா மாவு உருண்டையைப் போட்டுப் பார்த்துவிட்டேன். பொடிக் கெண்டையும் ஜிலேபி (திலாப்பியா) மீனும் தவிர வேறெதுவும் விழவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரோ ஏறக்குறைய அதே மாவில் மூன்று கிலோ கட்லாவை இழுத்துப் போடுகிறார். நான் செய்யும் தவறு என்ன? (மதுராந்தகம் வாசகர்)

பதில்: மாவைவிட, அந்த மாவு தண்ணீருக்குள் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அடுத்த முறை மீன் சந்தைக்குப் போகும்போது கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றின் வாயையும் ஒன்றன்பின் ஒன்றாக உற்றுப் பாருங்கள். கட்லாவின் கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டிருக்க, வாய் மேல்நோக்கித் திறக்கும். அதற்கு மீசை கிடையாது. ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கியது. உதட்டோரம் நூல் பிரிந்த துணி விளிம்பைப் போலச் சிறு மடிப்புகளுடன் இருக்கும். மிர்கால் அடிச்சேற்றைத் துழாவும் மீன். மீன் வளர்ப்போர் இம்மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து விடுவதற்குக் காரணமே, கட்லா மேல்நீரிலும் ரோகு நடுநீரிலும் மிர்கால் அடியிலும் மேய்ந்து ஒன்றின் தீனியில் மற்றொன்று பெரும்பாலும் கைவைக்காது என்பதுதான். குளம் வைத்திருப்பவர் போடும் இந்தக் கணக்கைத் தூண்டில் போடுபவரும் போட வேண்டும். ஈயத்தைக் கட்டி மாவைத் தரையில் கிடத்திவிட்டுக் கட்லாவுக்காகக் காத்திருப்பது, மாடியில் இருப்பவருக்கு இலையைக் கீழ்வீட்டில் போட்டுவிட்டுக் கூப்பிடுவதற்குச் சமம்.

கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு வளர்வது. ஆகவே கெட்டியான உருண்டையைக் கடித்துத் தின்னும் பழக்கம் அதற்குக் குறைவு. தூளாகக் கரைந்து மேகம்போல் பரவும் இரையை உறிஞ்சும்போதுதான் தூண்டில் முள்ளும் சேர்ந்து உள்ளே போகிறது. கடைகளில் ஸ்பிரிங் என்று விற்கப்படும் சுருள்கம்பியைச் சுற்றி மாவைப் பிடித்து, அதன் ஓரங்களில் தொங்கும் சிறு முட்களை மாவுக்குள் செருகி வீசும் முறை கட்லாவுக்குப் பலனளிப்பது இதனால்தான். காற்றில்லாத காலையில் தக்கையிலிருந்து இரண்டு முதல் நான்கடி ஆழத்தில் இரையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். காற்றடிக்கும் நாளில், அலை எந்தக் கரையில் போய் மோதுகிறதோ அந்தக் கரைக்கு இடம் மாறுங்கள். நுண்ணுயிர்களைக் காற்று அங்கேதான் ஒதுக்கியிருக்கும். முகத்தில் காற்றறைய உட்கார்ந்திருப்பது சுகமில்லை என்று எல்லோரும் எதிர்க்கரையில் மரநிழலைத் தேடுவதால், அந்தக் கரை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலைப் புண்ணாக்கை முதல்நாள் இரவு சிறிதளவு நீரில் ஊறவைத்து, காலையில் அதனுடன் மணம் வரும்வரை வறுத்த தவிட்டைச் சேர்த்து, பிடிபடுவதற்குத் தேவையான அளவு மட்டும் மைதா தூவிப் பிசைகிறேன். பிசைந்ததில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, வீட்டிலேயே ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். போட்டவுடன் உடைந்தால் வீசும்போதே முள்ளைவிட்டுப் பறந்துவிடும். அரைமணி ஆகியும் கல்போல் கிடந்தால் கட்லா திரும்பியும் பார்க்காது. ஐந்து நிமிடத்தில் ஓரம் பொரிந்து, பத்து நிமிடத்தில் பாதி உதிர்ந்தால் பதம் சரி. ரோகுவுக்கு இதே மாவில் மைதாவைக் கூட்டிச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, தரைக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள். மிர்காலுக்கு இன்னும் இறுக்கிப் பிசைந்து தரையிலேயே கிடத்தலாம். ஏலக்காய், சோம்பு, வெனிலா எசன்ஸ் என்று ஆளுக்கொரு வாசனையைப் பரிந்துரைப்பார்கள். வாசனையால் கெடுதலில்லை என்றாலும், பதம் தவறிய மாவை எந்த எசன்ஸும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கையோடும் கொசு மருந்து தடவிய கையோடும் மாவைத் தொடாமலிருந்தால் அதுவே பெரிய உதவி.

பொடிக் கெண்டைகள் மாவை அரித்துத் தின்பதைத் தவிர்க்க, முள்ளைப் பெரிதாக்கிப் பயனில்லை, உருண்டையைப் பெரிதாக்குங்கள். அவை கொறித்தபின்னும் எஞ்சியிருப்பதைத் தேடித்தான் பெரிய மீன் வரும். அப்படி வந்த கட்லா தக்கையைச் சட்டென்று அமுக்காது. தக்கை இரண்டுமுறை நடுங்கிப் பின் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தால், அதுவே கம்பைத் தூக்கவேண்டிய நேரம்.

கேள்வி: விராலுக்கு உயிருள்ள தவளையைத்தான் கட்டவேண்டுமா? ரப்பர் தவளையைப் போட்டால் மீன் பாய்கிறது, ஆனால் ஒவ்வொருமுறையும் தப்பிவிடுகிறது. (திருவாரூர் வாசகர்)

பதில்: உயிருள்ள தவளை தேவையில்லை. வயலில் பூச்சி தின்று திரியும் பிராணியை முள்ளில் குத்தி வாய்க்காலில் இழுப்பது எனக்கு உவப்பில்லை என்பது ஒருபுறமிருக்க, விரால் மணத்தைத் தேடிவரும் மீனன்று. நீரின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று துடிப்பதை அது தன் உடம்பால் உணர்கிறது, கண்ணால் காண்கிறது, பாய்கிறது. அந்தத் துடிப்பை ரப்பர் தவளையும் கொடுக்கும். அதன் முட்கள் மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால், ஆகாயத்தாமரையின் மீதும் அல்லி இலையின் மீதும் சிக்காமல் இழுத்துவரவும் முடியும்.

மீன் தப்புவதற்குக் காரணம் உங்கள் கை முந்திக்கொள்வதுதான். விரால் பாயும்போது தண்ணீர் வெடிப்பதுபோல் சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு நாம் கம்பை வெட்டி இழுக்கும்போது தவளை மீனின் வாய்க்கு வெளியேதான் இருக்கும். எனக்கும் முதல் ஆண்டு முழுவதும் இதுவே நடந்தது. நீடாமங்கலம் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் நான் தொடர்ந்து நான்கு பாய்ச்சல்களைக் கோட்டைவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, அது முழுங்கட்டும். வெத்திலையை மடிச்சு வாயில போடுற நேரம் பொறு” என்றார். சத்தம் கேட்டதும் தூண்டில் நரம்பைச் சற்றுத் தளர்த்தி, தவளை கண்ணுக்குத் தெரியாமல் போய், நரம்பு ஒரு பக்கமாக இழுபடத் தொடங்கும்வரை பொறுத்து, பிறகு பலமாக இழுங்கள். இழுத்தபின் இரக்கம் காட்டாதீர்கள். ஒரு நொடி தளர்ந்தாலும் அது கோரைக்குள் தலையை நுழைத்து நரம்பைச் சுற்றிவிடும். மெல்லிய நரம்பு இங்கே உதவாது. பின்னல் நரம்பே ஏற்றது.

எங்கே வீசுவது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். விரால் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். கரையில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால், செடிகளின் இடைவெளியில் ‘பளக்’ என்று ஒரு குமிழ் உடைவதும் சிறு வட்டம் விரிவதும் தெரியும். அந்த இடத்தின்மேல் வீசாமல், இரண்டு மூன்றடி அப்பால் வீசி அதன் வழியாக இழுத்துவாருங்கள், இடையிடையே நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் பாய்ச்சல் விழும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீரின் மேல் கொப்பளிப்பதைப் பார்த்தால், அவற்றின் அடியில் தாயும் தந்தையும் காவலிருக்கின்றன என்று பொருள். அந்தக் கூட்டத்தின்மேல் எதைப் போட்டாலும் பெற்றோர் பாய்ந்து கடிக்கும், பசியால் அன்று, குஞ்சுகளைக் காக்க. இதைத் திறமையென்று காட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் போன மறுநாழிகையே அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் கெளுத்திக்குக் கோழிக்குடல் போடுகிறோம். மீன் கிடைக்கிறது, ஆனால் கழற்றும்போது கையில் குத்திவிடுகிறது. சென்ற வாரம் என் மைத்துனருக்குத் தேளி மீன் குத்தி இரவெல்லாம் துடித்துவிட்டார். (மேட்டூர் வாசகர்)

பதில்: இரையில் நீங்கள் சொல்லித்தரவேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். கெளுத்தி இருட்டில் மீசையால் தடவி, மணத்தால் தேடும் மீன் என்பதால் கோழிக்குடல், ஈரல், மண்புழுக் கொத்து ஆகியவை எல்லாம் பொருந்தும். வெயிலில் அழுகவிட்டால் கூடுதலாகப் பிடிபடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு; இரத்தம் வடியும் புதிய குடலே மேல் என்பது என் அனுபவம். ஈரல் முள்ளில் நிற்காவிட்டால் தையல் நூலால் நான்கு சுற்றுச் சுற்றுங்கள்.

கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. பயந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். ஈரத் துணியோடு பின்னாலிருந்து பிடித்து, முதுகு முள்ளின் பின்புறம் உள்ளங்கையும், பக்க முட்களின் பின்னே கட்டைவிரலும் சுட்டுவிரலும் வருமாறு அணைத்துக்கொண்டால் அவற்றால் குத்த முடியாது. இடுக்கி ஒன்று கையிலிருந்தால் நல்லது. தேளியின் பக்க முள்ளில் நஞ்சு உண்டு. தேளின் பெயரால் அதை அழைப்பது சும்மா அன்று. குத்திவிட்டால், கை தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் குத்துப்பட்ட இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழப்பதால் வலி தணியும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், நீரின் சூட்டை மற்றொரு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போகவேண்டும். டெட்டனஸ் ஊசியையும் மறக்கவேண்டாம்.

பெரிய தலையும் சலவைக்கல் போன்ற திட்டுகளும் கொண்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி விழுந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். வளர்ப்பதற்கே தடை செய்யப்பட்ட மீன் அது. நம் நாட்டு மீன்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்று தீர்ப்பது.

கேள்வி: அதிகாலையில் ஏரி முழுவதும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. மூக்குக்கு நேரே இரையை வைத்தாலும் தொடுவதில்லை. ஏன்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அவை இரைக்காக வாயைத் திறக்கவில்லை, மூச்சுக்காகத் திறக்கின்றன. 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். பச்சைப் பாசி நிறைந்த ஏரியில் பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியிடும் பாசியே இரவில் அதை உட்கொள்ளவும் செய்வதால், விடியும் நேரத்தில் இருப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. மூச்சு முட்டுபவருக்குப் பந்தி விரித்து என்ன பயன்?

அத்தகைய ஏரியில் கெண்டை இனங்களுக்கு விடியற்காலையில் காத்திருப்பதை விட்டு, வெயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அல்லது மாலை நான்கு மணிக்குமேல் போங்கள். வாய்க்கால் நீர் விழுமிடம் இருந்தால் அதனருகே எந்நேரமும் முயலலாம். விடியலில்தான் போகமுடியும் என்றால், காற்றைக் குடித்து வாழும் விராலுக்கும் குறவைக்கும் ரப்பர் தவளையை வீசுங்கள். மற்ற மீன்கள் திணறிக்கொண்டிருக்கும் அந்நேரம் அவற்றுக்கு வேட்டைக்காலம்.

கேள்வி: எங்கள் குளத்தில் ஜிலேபிகள் கண்முன் நிற்கின்றன. புழுவை மூக்கருகே கொண்டுபோனால் ஒதுங்கிவிடுகின்றன. முள்ளின் எண்ணிலும் குழப்பம்: 10 பெரியதா, 6 பெரியதா? (விருதுநகர் வாசகர்)

பதில்: 1952இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் எதையும் தின்னும் என்று பெயரெடுத்ததால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பெண் ஜிலேபி முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது ஏறக்குறைய ஒன்றுமே உண்பதில்லை. தாடை உப்பி, நின்ற இடத்தில் நின்று ஒதுங்கும் மீன்களை விட்டுவிட்டு, சற்று ஆழத்தில் கூட்டமாக மேய்பவற்றைத் தேடுங்கள். சிறு முள்ளில் அரையங்குலப் புழுவே போதும். முள்ளின் எண்ணைக் குறித்துக் குழம்பியிருந்தீர்கள்: எண் கூடக்கூட முள் சிறிதாகும், ஆகவே 10 என்பது 6ஐவிடச் சிறியது. 1/0 என்று சாய்கோட்டுடன் வந்தால் மட்டும் கணக்கு தலைகீழாகி, 3/0 என்பது 1/0ஐவிடப் பெரியதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, விரால் தவளைக்கு 3/0க்குக் குறையாமல்.

கேள்வி: சிவப்புத் தக்கையா, மஞ்சள் தக்கையா? (கடலூர் வாசகர்)

பதில்: உங்கள் கண்ணுக்கு எது தெரிகிறதோ அது. மீன் பார்ப்பது தக்கையின் அடிப்பாகத்தைத்தான். மயில்தோகைத் தண்டு கிடைத்தால், பொடிக் கெண்டைக்கு இன்றும் அதற்கு ஈடு இல்லை.

கேள்வி: காவிரியில் கேழ்வரகுக் களி உருண்டை போட்டு மஹசீர் பிடிப்பார்களாமே, செய்முறை சொல்லமுடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பிடித்தது உண்மை. கர்நாடகத்தில் காவிரிக் கரையோர முகாம்களில் வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு உருண்டைதான் பெயர்பெற்ற இரையாக இருந்தது. காவிரியின் துணையாறான கபினியில் 1946ஆம் ஆண்டு 120 பவுண்டு மஹசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டதாகப் பதிவும் உண்டு. ஆனால் காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர், 2018 முதல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் பக்கம் மோயாற்றில் எஞ்சியிருக்கிறது. அதற்கு இரை செய்யும் முறையை நான் எழுதப்போவதில்லை. வேறு மீனுக்குப் போட்ட இரையில் தவறி விழுந்தால், கரைக்கு ஏற்றாமல் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிட்டு, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, தானாக நீந்தும்வரை தாங்கிப்பிடித்து விடுங்கள்.

இதையொட்டி அனுமதி பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நம் ஏரிகளில் பலவற்றின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் விடப்படுகிறது. குஞ்சு வாங்கி விட்டவர் ஒருவர் இருப்பார். கரையில் உட்காருமுன் அவரிடம் கேட்டுக்கொள்வதே முறை. அணைகளில் மீன்வளத்துறையிடமும் காப்புக்காட்டு நீர்நிலைகளில் வனத்துறையிடமும் கேட்கவேண்டும். வெடியும் நஞ்சும் போடுவது 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம்.

கேள்வி: கோடையில் மண்புழு கிடைப்பதில்லை. எங்கே தோண்டுவது, எப்படி வைத்திருப்பது? (தேனி வாசகர்)

பதில்: குளியலறைத் தண்ணீர் பாயும் வாழையடியிலும், பழைய சாணக்குவியலின் அடியிலும் கோடையிலும் இருக்கும். அங்கும் இல்லையென்றால், நிழலான இடத்தில் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து, நாள்தோறும் நனைத்துவந்து ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். தோண்டியதைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் வெக்கையில் ஒரே பகலில் கூழாகிவிடும். மண்சட்டியில் அதே இடத்து மண்ணைப் போட்டு, வாழைச் சருகைப் பரப்பி, ஈரத்தை மட்டும் காத்துவந்தால் இரண்டு வாரம் தாங்கும். முள்ளில் கோக்கும்போது முழுப்புழுவையும் சுருட்டித் திணிக்காமல், இரண்டு இடத்தில் குத்தி வாலைத் துடிக்கவிடுங்கள். சட்டியின் வாயைத் துணியால் இறுகக் கட்டவும் மறக்காதீர்கள். மழைபெய்த இரவில் அவை சுவரேறி வெளியே வந்துவிடும். ஒரு கோடைமழை விடியலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது புழுக்களை நான் பொறுக்கி முடிக்கும்வரை என் மனைவி காபி போட மறுத்துவிட்டார்.